நெய்வேலிச் சுரங்கமும் 'பொது' என்னும் சொல்லும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றை ஆராயப் புகுவோர் நெய்வேலியைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. எனினும் நெய்வேலி பற்றி இதுகாறும் எழுந்த எழுத்துகளுட் பெரும்பாலானவை இரண்டு வகையில் அடங்கிவிடுகின்றன. ஒருவகை, நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளைப் பின்பற்றித் தொன் கணக்கையும் மெகாவற் கணக்கையும் அடுக்கிச் செல்வது. மற்றையது, அரசியல் மேடைகளிற் பிறந்தது. எந்தத் தலைவர் எந்தத் தலைவரிடம் சொல்லி இத்திட்டத்தைப் பெற்றுத் தந்தார் என்ற கதையாக வரலாற்றைச் சுருக்கிவிடுவது. இவ்விருவகை எழுத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சுரங்கம் வெட்டப்பட்ட நிலத்தின் மேல் வாழ்ந்தோரும், வெட்டிய மண்ணைச் சுமந்த உழைப்பும் இவற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

நெய்வேலி, தோற்றம் முதலே ஒரு சொல்லினால் நியாயப்படுத்தப்பட்டு வந்துள்ளது. அச்சொல் 'பொது' என்பதாகும். பொது நோக்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனம் சுரங்கத்தை நடத்தியது. பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கப்பட்டது. அவ்வச் சந்தர்ப்பங்களில் இச்சொல் யாரைத் தன்னுள் அடக்கியது, யாரை வெளியே நிறுத்தியது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. தனியார் முதலாளி ஒருவர் இத்திட்டத்தை நடத்தியிருப்பின் இவ்வினாவுக்கு விடை எளிதாக இருந்திருக்கும். நடத்தியது அரசாதலின் அது சிக்கலாகின்றது. முற்போக்குச் சிந்தனையாளர் பலர் தயங்கி விலகிச் சென்ற இடமும் இதுவே எனலாம்.

முதலிற் பின்னணியைச் சுருங்க நோக்குவோம். பிரித்தானியர் ஆட்சிக்காலச் சென்னை மாகாணம் நிலக்கரி வளம் அற்றது. அதன் புகையிரதங்களும் ஆலைகளும் வங்காள, பீகாரக் கரியை நம்பியிருந்தன. ஐதராபாத் சமஸ்தானத்துச் சிங்கரேணிக் கரியும் ஓரளவு வந்தது. கடல் வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் ஆயிரம் மைல் கடந்து வரும் கரியின் விலை, போர்க்காலங்களில் விலையாக நில்லாது பஞ்சமாகவே மாறிற்று. இக்குறையை ஈடுசெய்ய மாகாணம் மலையருவிகளை நாடியது. 1932இல் பைக்காராவும், 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் நீர்மின் நிலையங்களாயின. ஆனால் நீர்மின்சாரம் பருவமழையின் கைப்பொருள். மழை பொய்த்த ஆண்டில் கோயம்புத்தூர் ஆலைகளின் கதிர்களும் நின்றுவிடும் என்ற நிலையில், தன் மண்ணிலேயே எரிபொருள் வேண்டும் என்பது வளர்ந்து வந்த தமிழக ஆலை முதலாளிகளின் கோரிக்கையாகவும், மின்னிறைப்பிக்கு மாறிக்கொண்டிருந்த விவசாயிகளின் தேவையாகவும் அமைந்தது.

நெய்வேலி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் விருத்தாசலம் தாலுகாவில் இருந்த ஒரு கிராமம். இன்று அப்பகுதி 1993இல் பிரிக்கப்பட்ட கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. செம்மண் மேட்டு நிலம். முந்திரியும் பலாவும் விளைவது. கீழ்ப்புறமாக இறங்கினால் ஏரிப்பாசன நெல்வயல்கள். 1930களின் நடுப்பகுதியில், அவ்வூர் நிலவுடைமையாளரான ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது, பீறிட்டு எழுந்த நீருடன் கரிய துகள்கள் வெளிவந்தன என்பதும், அவர் அதனை அரசுக்குத் தெரிவித்தார் என்பதும் நெய்வேலியின் தோற்றக் கதையாக வழங்குவன. இக்கதையில் வாசகர் கவனிக்கத் தவறும் சொல் 'பீறிட்டு' என்பதாகும். இறைக்காமலே தானாக மேலெழும் ஆட்டீசியன் ஊற்று அது. கரியை வெளிக்கொணர்ந்தது நீரே. நெய்வேலியின் வரலாறு கரியின் வரலாறாக இருக்கும் அளவுக்கு நீரின் வரலாறுமாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலியார் அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட தமது நிலத்தைத் திட்டத்துக்கு வழங்கினார் எனச் சொல்லப்படுகின்றது. அவர் கொடையைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று. ஆயினும், கொடுத்த ஒருவரின் பெயர் நிலைபெற்றமையும் எடுக்கப்பட்ட பல்லாயிரவரின் பெயர்கள் மறைந்தமையும் தற்செயலானவை அல்ல. கொடை என்பது உடைமை உள்ளவனால் மட்டுமே செய்யக்கூடியது. கல்வெட்டுக் காலத்திலிருந்து நமது வரலாற்றுச் சான்றுகள் கொடையாளியின் பக்கமே சாய்ந்துள்ளன. கோயிலுக்கு நிலம் விட்ட மன்னனை நாம் அறிவோம். அந்நிலத்தை உழுது வந்தவன் என்ன ஆனான் என்பதைக் கல்வெட்டின் விளிம்புகளிலேயே தேட வேண்டியுள்ளது. நவீன இந்தியாவின் கோயில்கள் என்று நேரு வருணித்த பெருந்திட்டங்களின் வரலாற்றெழுத்தும் இம்மரபினின்று பெரிதும் விலகியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 தொடக்கம் 1946 வரை, இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் இங்கு துளையிட்டு ஆராய்ந்து பழுப்பு நிலக்கரிப் படிவத்தை உறுதிசெய்தது. 1953இல் மாதிரிக் குழி ஒன்று வெட்டப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கையைத் தயாரித்தது. 1956 நவம்பர் 14 அன்று, மத்திய அரசின் உடைமையாக, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கூட்டுத்தாபனம் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு மே 20இல் நேரு சுரங்க வேலையைத் தொடக்கி வைத்தார்.

இவ்வாண்டுகளின் அரசியற் சூழலையும் மறத்தலாகாது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அரசுடைமை இரும்பாலைகள் பிலாய், ரூர்கேலா, துர்க்காப்பூர் ஆகிய வட, கிழக்கு இந்திய நகரங்களுக்குச் சென்றன. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற திராவிட முன்னேற்றக் கழகத்தின் முழக்கம் வெறும் மேடை அலங்காரம் அன்று. பொருளாதார அடித்தளம் உடைய மனக்குறை அது. இம்மனக்குறைக்குக் காங்கிரஸ் ஆட்சியாளர் காட்டக்கூடிய விடைகளுள் நெய்வேலி தலையாயதாயிற்று. சேலத்து இரும்புத் தாதையும் நெய்வேலிக் கரியையும் இணைத்துத் தமிழகத்திலேயே இரும்பு உருக்கலாம் என்ற எண்ணமும் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. பின்னர்ச் சேலத்தில் எழுந்த ஆலை நெய்வேலிக் கரியை நம்பியதாக அமையவில்லை என்பது வேறு கதை. நாம் இங்கு குறிக்க விரும்புவது யாதெனில், வடக்கு-தெற்கு என்ற முரண்பாடே முதன்மை பெற்ற விவாதத்தில், 'தெற்கு' என்பது முரண்பாடற்ற ஒரே உடலாகக் கருதப்பட்டது என்பதாகும். தெற்குக்குக் கிடைத்த திட்டம் தெற்கில் யாருக்குக் கிடைத்தது, யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற வினாவை இரு கட்சிகளுமே எழுப்ப வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.

சுரங்கத்தின் தொழினுட்ப வரலாற்றை இவ்விடத்துச் சற்று விரிவாக நோக்குதல் தகும். சமூக வரலாற்றாளர் இத்தகைய விடயங்களைப் பொறியியலாளருக்கென ஒதுக்கிவிடுதல் வழக்கம். ஆனால் நெய்வேலியில் நிலத்தின் அமைப்பை அறியாமல் சமூகத்தை அறிய முடியாது.

பழுப்பு நிலக்கரி முதிராத கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு கிலோகிராம் எரித்தாற் கிடைக்கும் வெப்பம் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோகலோரி அளவில் நிற்கும். நல்ல கருநிலக்கரி இதைப்போல் இருமடங்குக்கு மேல் தரவல்லது. இவ்வளவு ஈரத்தைச் சுமந்து தொலைதூரம் செல்லுதல் வீண்செலவு. ஆகவே பழுப்பு நிலக்கரியை எடுத்த இடத்திலேயே எரிக்க வேண்டும். மின்நிலையம் சுரங்கத்தின் வாயிலில் நிற்க வேண்டும். செர்மனியானாலும் போலந்தானாலும் இதுவே நியதி. சுரங்கம், மின்நிலையம், சாம்பற் குளம், தொழிலாளர் குடியிருப்பு ஆகிய அனைத்தும் ஒரே வட்டாரத்தின் நிலத்தின் மேல் விழுவது இதனாலேயே. மின்சாரம் நூற்றுக்கணக்கான மைல் செல்லும். அதன் விலையை நிலமாகக் கொடுப்பது ஒரே வட்டாரம்.

கரிப்படிவம் நெய்வேலியில் ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்திலிருந்து நூறு மீற்றர் ஆழம் வரையிலும் கிடக்கின்றது. அதற்கு மேலுள்ளது கடலூர் மணற்கல் எனப் புவிச்சரிதவியலார் குறிப்பிடும் கடினமான அடுக்கு. ஒரு தொன் கரியைப் பெற ஐந்து முதல் ஏழு கனமீற்றர் வரை மேல்மண்ணை அகற்ற வேண்டும். செர்மனியின் பழுப்பு நிலக்கரி வயல்களில் வளர்ச்சிபெற்ற வாளிச்சக்கர அகழ்பொறிகள் இதற்காகத் தருவிக்கப்பட்டன. சுழலும் பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்ட இப்பொறி, மண்ணை இடைவிடாது அரிந்து பெல்ட்டின் மேற் கொட்டும். பெல்ட் அதனைக் குழியின் மறுபுறம் கொண்டு சேர்க்கும். ஆனால் மென்மண்ணுக்கென வடிவமைக்கப்பட்ட பற்கள் கடலூர் மணற்கல்லின் முன் விரைவிலேயே தேய்ந்து முறிந்தன. வெடிவைத்துத் தளர்த்திய பின்னரே பொறியை ஏவ முடியும் என்பது அனுபவத்தாற் பெறப்பட்டது. பற்களின் வடிவமும் உலோகமும் இங்கேயே மாற்றப்பட்டன. அயல்நாட்டுப் பொறியை உள்ளூர் நிலத்துக்குப் பழக்கியவர்கள் நெய்வேலிப் பொறியியலாளரும் தொழிலாளருமே. 'வெளிநாட்டுத் தொழினுட்ப உதவி' என்ற தொடர் மறைத்துவிடும் உழைப்பு இது. இதன் வரலாறு தனியே எழுதப்படல் வேண்டும்.

மணற்கல்லினும் கடிய சிக்கல் நீராகும். கரிப்படிவத்துக்குக் கீழே, அடைபட்ட நீர்த்தாங்கு மணலடுக்கு ஒன்றுண்டு. முதலியாரின் கிணற்றிற் பீறிட்டது இவ்வடுக்கின் நீரே. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோகிராம் வரையான அழுத்தத்துடன் அது கரிப்படிவத்தைக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டிருக்கின்றது. மேலிருக்கும் மண்ணின் எடை இவ்வழுத்தத்தைத் தாங்கி நிற்கும் வரை ஆபத்தில்லை. மண்ணை அகற்றியதும் குழியின் அடித்தளம் வெடித்து நீர் புகுந்துவிடும். ஆகவே, குழியைச் சூழத் துளைக்கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மாதிரிக் குழியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று இது இயலுமா என்பதைச் சோதிப்பதே. இயலும் என்று கண்டனர். சுரங்கம் இயங்கும் நாள் வரை இறைப்பை நிறுத்த முடியாது என்பது இதன் மறுபக்கம். வட்டாரத்தின் நிலத்தடி நீரைத் தாழ்த்துவது இச்சுரங்கத்தின் விரும்பத்தகாத பின்விளைவு அன்று. அது சுரங்கத்தின் முன்நிபந்தனை.

நேரு தொடக்கி வைத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1961 ஓகஸ்டில், கரி வெளிப்பட்டது. 1962இல் முதலாவது 50 மெகாவற் அலகு இயங்கலாயிற்று. 1970இல் முதலாம் அனல்மின் நிலையம் 600 மெகாவற் திறனுடன் நிறைவுற்றது. மின்நிலையம் சோவியத் உதவியாற் கட்டப்பட்டது; 1957இல் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்கு வழங்கிய கடனில், ராஞ்சிக் கனரக இயந்திர ஆலையுடன் நெய்வேலி மின்நிலையமும் அடங்கியது. சுரங்கப் பொறிகளோ மேற்கு செர்மனியிலிருந்து வந்தன. பனிப்போரின் இரு முகாம்களும் தென்னார்க்காட்டின் ஒரே குழியில் சந்தித்தமை, அணிசேராக் கொள்கையின் பொருளாதாரப் பயனுக்கு நல்ல சான்றாகும். இதனைச் சிலர் ஏளனம் செய்வதுண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடொன்று, ஒரு முகாமின் மூலதனத்துக்கு மட்டும் அடிமைப்படாது கனரகத் தொழிலை அமைத்துக்கொண்டமை வரலாற்றில் முன்னேற்றமான செயலே.

மின்சாரத்துடன் யூரியா உரமும், கரிக்கட்டியும், வெண்களியும் உற்பத்தி செய்யும் ஒருங்கிணைந்த திட்டமாகவே நெய்வேலி உருவகிக்கப்பட்டது. 'லெக்கோ' என்ற பெயரில் விற்கப்பட்ட கரிக்கட்டி ஒரு தலைமுறைக் காலம் தமிழகத்து வீடுகளின் அடுப்பில் எரிந்தது. உர ஆலையும் கரிக்கட்டி ஆலையும் இலாபமற்றவை எனப் பின்னாளில் மூடப்பட்டன. ஒருங்கிணைந்த திட்டம் படிப்படியாக மின்சாரம் விற்கும் கம்பனியாகச் சுருங்கிற்று என்பதை மட்டும் இங்கு குறித்து மேற்செல்வோம்.

இனி நிலத்துக்கு வருவோம். 1950களில் நிலம் எடுக்கப்பட்டது 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தற் சட்டத்தின்படி. இருப்புப்பாதைக்கும் கால்வாய்க்கும் நிலம் எடுக்கப் பிரித்தானிய ஆட்சி ஆக்கிய சட்டம் அது. விடுதலை பெற்ற குடியரசு அதனை ஏறத்தாழ மாற்றமின்றி ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்தின் திறவுகோற் சொல் 'பொது நோக்கம்'. எது பொது நோக்கம் என்பதை அரசே தீர்மானிக்கும். தீர்மானித்த பின் நிலத்துக்குரியவன் வழக்காடக்கூடியது பெரும்பாலும் விலை குறித்தே. இழப்பீடு பட்டாவைப் பின்தொடர்ந்தது. பட்டா இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை. பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களையெடுத்தும் முந்திரி பொறுக்கியும் வாழ்ந்த நிலமற்ற கூலியாளர் - அவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள் - இச்சட்டத்தின் கண்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் இழந்தது நிலத்தையன்று. நிலத்தின் மீதான வேலையை. வேலையை இழந்தவனுக்கு ஈடு வழங்கும் ஏற்பாடு அச்சட்டத்தில் இல்லை. ஆக, 'பொது' என்ற சொல்லின் முதலாவது எல்லை பட்டாவினால் வரையப்பட்டது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுட் சில சுரங்கத்திலேயே வேலை பெற்றன என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில், நிலம் கொடுத்தவனுக்கு வேலை என்பது ஓரளவு நடைமுறையில் இருந்த எதிர்பார்ப்பு. இவ்வாறு, உழுகுடியிலிருந்து ஒரே தலைமுறையில் தொழிலாளி வர்க்கத்துக்குள் வந்த ஒரு பகுதியினர் உருவாயினர். இலக்கமிடப்பட்ட வட்டங்களாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நெய்வேலி நகரியம், மரங்கள் சூழ்ந்த வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் உடையதாய், தமிழகத்தின் பிற சிறுநகரங்கள் பொறாமைப்படத்தக்க முறையில் வளர்ந்தது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. பல சாதியினர் ஒரே வட்டத்தில் அண்டை வீடுகளில் வாழ்வதும், அவர்கள் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்வதும் அன்றைய தென்னார்க்காட்டுக் கிராமத்தில் எளிதிற் காணக்கூடிய காட்சிகள் அல்ல. பொதுத்துறையின் சாதனை என்று எதனையேனும் சுட்டுவதாயின் நாம் இதனையே சுட்டுவோம். நகரியத்தின் வேலிக்கு அப்பால், மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும், சுரங்கத்தின் நிழலில் வேறொரு மக்கள் தொகுதியும் வளர்ந்துகொண்டிருந்தது.

திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதன்று. ஒரு முகத்தில் வெட்டி மறுமுகத்திற் கொட்டிக்கொண்டே அது நகரும். முதற் சுரங்கம் விரிந்தது; 1980களில் இரண்டாம் சுரங்கம் வந்தது; 2003இல் முதற் சுரங்கத்தை அடுத்து 'ஒன்று-ஏ' சுரங்கம் வந்தது. 1986 தொடக்கம் 1993 வரை, தலா 210 மெகாவற் கொண்ட ஏழு அலகுகளுடன் இரண்டாம் அனல்மின் நிலையம் எழுந்தது. முதலாம் நிலையத்தின் மின்சாரம் முழுவதும் தமிழகத்துக்குரியதாயிருக்க, இரண்டாவதன் மின்சாரம் தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவற்றுக்கிடையே பங்கிடப்பட்டது. நெய்வேலி இவ்வாறு ஒரு மாநிலத்தின் திட்டம் என்ற நிலையிலிருந்து தென்பிராந்தியத்தின் மின்களஞ்சியம் என்ற நிலையை அடைந்தது. 'பொது' விரிந்தது. நிலம் கொடுக்க வேண்டிய வட்டாரம் மட்டும் விரியவில்லை; அதே ஏரிகள், அதே வயல்கள்.

தொழிலாளருக்குள் நிகழ்ந்த பிளவே அடுத்து நோக்கற்பாலது. 1970இல் இந்திய நாடாளுமன்றம் ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. ஆண்டு முழுவதும் நடைபெறும் நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது. முதலாம் அனல்மின் நிலையம் நிறைவுற்றதும் அதே ஆண்டில்தான். ஆனால் அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில், நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளரின் இடத்தை ஒப்பந்தத் தொழிலாளர் படிப்படியாக நிரப்பினர். இந்நூற்றாண்டில் அவர்கள் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிற்று. 2001இல் இந்திய உருக்கு அதிகாரசபை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் அதிலிருந்த தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று வரையறுத்தது. சட்டத்தின் பெயரில் 'ஒழிப்பு' எஞ்சியிருக்க, அதன் உள்ளீடு ஒழிந்தது.

ஒரே குழியில், ஒரே பெல்ட்டின் அருகே, ஒரே தூசியைச் சுவாசித்து வேலை செய்யும் இருவருட் ஒருவர் நகரியத்து வீட்டுக்கும் மற்றவர் கிராமத்துக் குடிசைக்கும் திரும்புவர். நிலம் இழந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் கணிசமாக இரண்டாம் பிரிவிலேயே காணப்படுகின்றனர் என்பது இம்முரண்பாட்டின் கூர்மையான முனை. 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் ஒப்பந்தத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தினர். 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கத்தின் வாயிலில், பாதுகாப்புப் படையினர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பலியானார். 2020 மே மாதத்திலும் ஜூலை முதல் நாளிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதிகளில் விபத்துகள் நிகழ்ந்தன. ஜூலை விபத்தில் மட்டும் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். அதே ஆண்டு செப்ரெம்பர் இறுதியில், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இயங்கிய முதலாம் அனல்மின் நிலையம் முற்றாக நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப 1000 மெகாவற் திறனுள்ள புதிய நிலையம் அதற்கு முன்னரே இயங்கத் தொடங்கியிருந்தது.

2013இன் பங்கு விற்பனைப் போராட்டம் எமது வினாவுக்கு நேரடியான ஒளி தருகின்றது. அன்று நிறுவனத்தின் பங்குகளில் 93.56 வீதம் மத்திய அரசிடம் இருந்தது. பங்குச் சந்தையிற் பதிவுபெற்ற பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது பத்து வீதமேனும் 'பொதுமக்களிடம்' இருக்க வேண்டும் என்பது சந்தை ஒழுங்குமுறை வாரியத்தின் அன்றைய விதி. இவ்விதியின் மொழியை ஊன்றி நோக்குக. அரசிடம் இருப்பது பொது அன்று. தனியார் முதலீட்டாளரிடம் செல்வதே பொது. 1956இல் அரசுடைமையைக் குறித்த அதே சொல், ஐம்பத்தேழு ஆண்டுகளில் அதன் எதிர்மறையைக் குறிக்கலாயிற்று. ஜூலையில் தொழிலாளர் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி ஒன்றுபட்ட அரிய தருணம் அது. இறுதியில் 3.56 வீதப் பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே ஏறத்தாழ 360 கோடி ரூபாவுக்கு வாங்கின. தனியார்மயத்தின் ஓரடி தடுக்கப்பட்டது என்ற வகையில் இது வெற்றியே. ஆனால் விதியின்படி, தமிழக அரசின் நிறுவனங்கள் அன்று 'பொதுமக்கள்' ஆயின; குழியினுள் நின்ற ஒப்பந்தத் தொழிலாளியோ, குழியின் விளிம்பில் நின்ற உழவனோ ஆகவில்லை. 2016இல் நிறுவனத்தின் பெயரும் என்.எல்.சி. இந்தியா என மாற்றப்பட்டது. பெயரிலிருந்து நெய்வேலி முதலெழுத்தாகச் சுருங்கியதைக் கண்டு தமிழகத்தில் எழுந்த ஆட்சேபம் நியாயமானதே எனினும், நெய்வேலி என்ற கிராமம் அதற்கு நெடுநாள் முன்னரே சுருங்கிவிட்டது என்பதை ஆட்சேபித்தோர் அதிகம் பேசவில்லை.

மீண்டும் நீரிடம் வருவோம். குழியைக் காக்க இறைக்கப்படும் நீர் முற்றும் வீணாவதில்லை. மின்நிலையங்களும் நகரியமும் அதனைப் பயன்படுத்துகின்றன. ஒரு பகுதி வாலாஜா ஏரி முதலிய நீர்நிலைகளை அடைந்து பாசனத்துக்கும் உதவுகின்றது. நிறுவனத்தின் ஆதரவாளர் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம், அது உண்மையே. ஆனால் இந்நீரின் உரிமை எவ்வாறு இடம்மாறியுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னர்த் தன் நிலத்தில் துளையிட்டவனுக்குத் தானாக மேலெழுந்த நீர், இன்று நிறுவனத்தின் இறைப்பு இயந்திரத்தின் வழியாக, நிறுவனம் விடும் அளவில், நிறுவனம் விடும் இடத்தில் வந்து சேர்கின்றது. இயற்கையின் கொடையாக இருந்தது நிறுவனத்தின் கொடையாகிவிட்டது. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுசெல்லும் திட்டம் 2004இல் நிறைவேறியபோது நெய்வேலி வட்டாரத்து நிலத்தடி நீரும் அதற்குத் துணையாகக் கொள்ளப்பட்டது. மின்சாரத்தைப் போன்றே நீரும் பெருநகரை நோக்கிச் சென்றது. சுற்றுவட்டார உழவர் ஆண்டுதோறும் ஆழப்படுத்த வேண்டியிருப்பதாக முறையிடுவது தமது துளைக்கிணறுகளைத்தான்.

2023ஆம் ஆண்டில் இவ்விழைகள் யாவும் ஒன்றாய்ப் பின்னிக்கொண்டன. ஏப்ரிலில், மத்திய நிலக்கரி அமைச்சு ஏலத்துக்கு அறிவித்த வயல்களுள் காவிரிப் படுகையைச் சார்ந்த வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகியன இருந்தமை எதிர்ப்பை எழுப்பிற்று. தமிழகச் சட்டமன்றம் முழுவதும் எதிர்த்து நின்றது, அறிவிப்பு மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 26இல், சேத்தியாத்தோப்புக்கு அண்மையிலுள்ள வளையமாதேவியில் வேறொன்று நிகழ்ந்தது. சுரங்கம் மேலும் நகர வேண்டுமாயின் குறுக்கே கிடக்கும் பரவனாற்றை வேறு வழியில் திருப்ப வேண்டும். அதற்குரிய வாய்க்காலை வெட்டும் இயந்திரங்கள், கதிர் பிடிக்கும் நிலையில் நின்ற நெற்பயிரின் மேல் ஏறின. அந்நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டவை. ஆயினும் நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தமையால் உழவர் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் பிறர் நிலத்தில் விதைத்தவர்கள். இரு நாள் கழித்து நடந்த மறியல் கலவரத்தில் முடிந்தது.

வளையமாதேவி நிகழ்ச்சியைப் பலர் உணர்ச்சிவயப்பட்டு எழுதினர். நெற்பயிரை அழிப்பது பாவம் என்ற மனப்பான்மை தமிழ் உழவரிடையே ஆழமானது. அதனைக் குறைவாக எண்ணுதல் கூடாது. எனினும் வரலாற்று நோக்கில் முக்கியமானது வேறொன்று. 1950களில் பட்டா இல்லாதவனை வெளியே நிறுத்திய 'பொது நோக்கம்', 2023இல் பட்டாவை இழந்தவனையும் அவனுடன் சேர்த்து நிறுத்தியது. நிலவுடைமையாளனும் நிலமற்றவனும் ஒரே வரப்பில் நின்றமை அப்போதுதான். அவர்கள் ஒன்றுபட்டு நின்றனரா என்பது வேறு வினா. இழப்பீட்டை உயர்த்தக் கோருவோரும், வீட்டுக்கொரு நிரந்தர வேலை கோருவோரும், நிலமே தரமாட்டோம் என்போரும் அக்கூட்டத்தில் இருந்தனர். கூலியாளரின் கோரிக்கை எது என்பதை மேடையிலிருந்தோர் அதிகம் சொல்லக் கேட்கவில்லை.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வழங்குமாறு நிறுவனத்துக்கும், அறுவடை முடித்துச் செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள் நிலத்தை ஒப்படைக்குமாறு உழவருக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. பரவனாற்றுக்கான வாய்க்கால் வேலை தொடர்ந்தது.